படிவத்தில் நிரப்பியதை உறுதிப் பக்கத்தில் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வலைத்தளம் செய்யப் பழகுகிறவர்கள் படிவத்தை ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். டேட்டாபேஸில் பதிவும் விழுந்துவிடுகிறது. ‘உங்கள் பதிவு ஏற்கப்பட்டது, நீங்கள் தந்த விவரங்கள் இவை’ என்று காட்டும் கடைசிப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தடுமாற்றம். ஒருவருடைய விவரம் இன்னொருவர் திரையில் தெரிகிறது, ரிஃப்ரெஷ் செய்தால் பதிவு இரட்டிக்கிறது, தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக வருகிறது.

உதாரணத்துக்கு ரத்த தான முகாம் ஒன்றின் பதிவுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, எடை, ரத்த வகை, கைபேசி எண், வர விரும்பும் நேரம், அப்புறம் ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று ஒரு பெரிய கட்டம். சர்வரில் பிஎச்பி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல். வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கும் படிகளின் வரிசை இதேதான்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. உறுதிப் பக்கத்தில் காட்ட வேண்டியது பயனர் அனுப்பியதை அல்ல, சர்வரில் பதிவானதை. ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

மூன்று கோப்புகள் வேண்டும். படிவத்தைக் காட்டுவது ஒன்று, வந்ததைச் சரிபார்த்துச் சேமிப்பது ஒன்று, உறுதிப் பக்கம் ஒன்று. மூன்றையும் ஒரே கோப்பில் அடைக்கலாம். ஆனால் புதிதாகச் செய்கிறவர்கள் அடைக்காதீர்கள். எந்த வேலை எப்போது நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

டேட்டாபேஸ் அட்டவணை, தமிழையும் இமோஜியையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்துத்தொகுதியில் இருக்க வேண்டும். பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்பிலும் அதையே குறிப்பிட வேண்டும். அட்டவணையைச் சரி செய்துவிட்டு இணைப்பை மறந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இரண்டில் ஒன்று பிசகினாலும் எழுத்துகள் கெட்டுப்போகும், ‘முருகன்’ என்பது ‘???????’ ஆகிவிடலாம். கேள்விக்குறிகளாகப் பதிவானதை மீட்க வழி இல்லை.

தளத்துக்கு எச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கப்பட்ட இணைப்பு, இருக்க வேண்டும். பெயரும் கைபேசி எண்ணும் ரத்த வகையும் போகிற வழி அது.

கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் எழுதி, எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: முழுதாகக் காட்டலாம், பாதி மறைத்துக் காட்டலாம், காட்டவே கூடாது. கடவுச்சொல் எந்தக் காலத்திலும் மூன்றாவது வகைதான். ஆதார் எண் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடைசி 4 இலக்கம் போதும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வந்ததையெல்லாம் ஒரு சுற்றில் அப்படியே அச்சிடும் நிரல் எழுதப்பட்டுவிடும். மறைவாக வைத்த கட்டங்கள் உட்பட எல்லாம் திரையில் வந்துவிடும்.

2. படிவத்தில் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு கட்டத்துக்கும் நேம் என்ற பண்பு வேண்டும். ஐடி மட்டும் கொடுத்துவிட்டு, ‘எதுவும் வரவில்லையே’ என்று அரை நாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரவுசர் சர்வருக்கு அனுப்புவது நேம் உள்ள கட்டங்களை மட்டும்தான். டிசேபிள்டு என்று குறித்த கட்டமும் போகாது. மாற்ற முடியாமல் காட்ட வேண்டும், ஆனால் அனுப்பவும் வேண்டும் என்றால் ரீட்ஒன்லி பயன்படுத்துங்கள்.

டிக் செய்யும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் ‘இல்லை’ என்று எதுவும் வராது. அந்தக் கட்டமே வராது. ஆகவே ‘வந்ததா, இல்லையா’ என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மதிப்பைத் தொட வேண்டும்.

அனுப்பும் முறை போஸ்டாக இருக்கட்டும். கெட் என்றால் நிரப்பியது எல்லாம் முகவரிப் பட்டையில் தெரியும், பிரவுசர் வரலாற்றில் தங்கும், சர்வரின் பதிவேட்டிலும் ஏறும். ஒருவரின் கைபேசி எண்ணும் ரத்த வகையும் அந்த மூன்று இடங்களில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ரத்த வகை மாதிரி தேர்வுப் பட்டியல்களில் அனுப்பும் குறியீடு ஒன்றாகவும் திரையில் தெரியும் சொல் ஒன்றாகவும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் பட்டியலைத் தனிக் கோப்பில் ஒரே இடத்தில் வையுங்கள். படிவமும் உறுதிப் பக்கமும் அங்கிருந்தே எடுக்கட்டும். இல்லையென்றால் படிவத்தில் ‘ஏபி நெகட்டிவ்’ என்று தேர்ந்தெடுத்தவருக்கு உறுதிப் பக்கத்தில் ‘8’ என்று தெரியும்.

வேர்ட்பிரஸுக்குள் சொந்தமாகப் படிவம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கட்டத்தின் நேம் ஆங்கிலத்தில் வெறும் ‘நேம்’, ‘இயர்’, ‘டே’ என்று இருந்தால், வேர்ட்பிரஸ் அதைத் தன் சொந்தத் தேடல் சொல்லாக எடுத்துக்கொண்டு 404 (‘பக்கம் இல்லை’) காட்டும். முன்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும்.

3. சரிபார்த்தல்

முதலில் சரிபார்ப்பு, பிறகு சேமிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. பிரவுசரிலேயே ‘கட்டாயம்’ என்று குறித்திருந்தாலும் சர்வரில் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் பிரவுசரில் உள்ள தடையை யாரும் நீக்கிவிட்டு அனுப்ப முடியும். நம் உதாரணத்தில் வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ என்பவை ரத்த தானத்துக்கு இந்தியாவில் உள்ள வரையறைகள். அவற்றை இங்கே பாருங்கள்.

தவறு இருந்தால் உறுதிப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். நிரப்பியதோடு படிவத்தையே திரும்பக் காட்டி, தவறான கட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தைச் சொல்லுங்கள். கைபேசியில் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நிரப்பியவர்களில் பலர், எல்லாம் அழிந்துபோனதைப் பார்த்தால் மறுபடி நிரப்ப மாட்டார்கள். முகாமுக்கு ஒரு கொடையாளர் குறைவார்.

பெயரின் நீளத்தைப் பார்க்கும்போது தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 5, யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 15. நீளம் பார்க்கும் பிஎச்பியின் ஸ்டிஆர்லென் செயற்கூறு பைட்டுகளையே எண்ணும். ‘30-க்குள் இருக்க வேண்டும்’ என்று அதை வைத்து எழுதினால், சாதாரண நீளத்தில் உள்ள தமிழ்ப் பெயர்கூட ‘மிக நீளம்’ என்று திரும்பும். எம்பி என்று தொடங்கும் பல்பைட் வகைகளைப் பயன்படுத்துங்கள், வரம்பையும் தாராளமாக வையுங்கள்.

கைபேசி எண்ணை எண்ணாக மாற்றாதீர்கள். அது கூட்டிக் கழிக்கிற விஷயம் இல்லை. எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யமும் + குறியும் போய்விடும். எழுத்தாகவே வையுங்கள்.

கோணக் குறிகளை நீக்கும் ஸ்ட்ரிப்டேக்ஸை இந்த இடத்தில் போடுவது பலருக்குப் பழக்கம். வேண்டாம். ஒருவர் ‘எடை <50 கிலோ, பரவாயில்லையா?’ என்று எழுதினால் அந்தக் குறியிலிருந்து கடைசி வரை வெட்டிவிடும். பயனர் எழுதியது அவர் எழுதியபடியே பதிவாகட்டும். ஆபத்தான குறிகளைக் கையாள வேண்டிய இடம் ஏழாம் படி.

4. சேமித்தல்

வாக்கியத்துக்குள் மதிப்புகளை ஒட்டி எஸ்க்யூஎல் எழுதாதீர்கள். வாக்கியத்தையும் மதிப்புகளையும் தனித்தனியாக அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் மட்டுமே.

ஒவ்வொரு பதிவோடும் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு டோக்கனை, அதாவது தற்செயலான எழுத்துச் சரத்தை, சேமியுங்கள். ரேண்டம்பைட்ஸிடம் 16 பைட் வாங்கி எழுத்தாக மாற்றினால் 32 எழுத்துகள் கிடைக்கும். நேரத்தை வைத்தோ பதிவு எண்ணை வைத்தோ டோக்கன் செய்வதில் பயன் இல்லை, இரண்டையும் ஊகித்துவிடலாம்.

இரட்டைச் சொடுக்கு இன்னொரு தொல்லை. இணையம் மெதுவாக இருந்தால் பொத்தானை இரண்டு மூன்று முறை தட்டுவது மனித இயல்பு. படிவத்தைக் காட்டும்போதே மறைவான கட்டத்தில் ஒரு சாவியை வையுங்கள், அதையே செஷனிலும் (அந்தப் பயனருக்காக சர்வர் தற்காலிகமாக நினைவில் வைக்கும் இடம்) வையுங்கள். சேமிக்கும்போது இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அட்டவணையில் அந்தச் சாவிக்கு யூனிக் கட்டுப்பாடு இருக்கட்டும். இரண்டாவது தட்டல் வரும்போது டேட்டாபேஸ் மறுக்கும். அப்போது பிழை காட்டாமல், முதல் பதிவைக் கண்டுபிடித்து அதன் உறுதிப் பக்கத்துக்கே அனுப்புங்கள். வேறு தளத்திலிருந்து யாரும் இந்தப் படிவத்தைத் தந்திரமாக அனுப்பவைப்பதையும் இதே சாவி தடுக்கும்.

முகாம் ஒருங்கிணைப்பாளருக்கும் கொடையாளருக்கும் போகும் மின்னஞ்சலையும் இந்தக் கோப்பிலேயே, சேமித்த பிறகு, அனுப்பிவிடுங்கள். உறுதிப் பக்கத்தில் வைத்தால் அந்தப் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்னஞ்சல் போகும். மின்னஞ்சல் போகவில்லை என்பதற்காகப் பதிவை ரத்து செய்யவும் கூடாது.

5. திருப்பி அனுப்புதல்

புதியவர்கள் தவறவிடும் படிகளில் முதலிடம் இதற்குத்தான். சேமித்த கையோடு அதே கோப்பில் ‘நன்றி, உங்கள் பெயர் இது’ என்று அச்சிட்டுவிடுகிறார்கள். வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் பிரவுசரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் ஒரு போஸ்ட் கோரிக்கையின் பதில். ரிஃப்ரெஷ் செய்தால் ‘படிவத்தை மறுபடி அனுப்பவா?’ என்று கேட்கும். சரி என்று தட்டினால் மறுபடி அனுப்பும். கைபேசியில் வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது பக்கம் மறுபடி ஏறினாலும் இதே கதைதான்.

ஆகவே சேமித்ததும் எதையும் அச்சிடாமல், 303 என்ற நிலைக்குறியோடு உறுதிப் பக்கத்தின் முகவரிக்கு அனுப்புங்கள். ‘போஸ்ட் முடிந்தது, இனி இந்த முகவரியை கெட் மூலம் போய்ப் பார்’ என்பதுதான் 303-இன் பொருள். அதன் பிறகு நூறு முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் புதுப் பதிவு விழாது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, புது முகவரியைச் சொல்லும் லொக்கேஷன் தலைப்பை (ஹெடர்) எழுதிவிட்டு, நிரலை நிறுத்தும் எக்ஸிட் எழுதாமல் விடுவது. பிரவுசர் நகர்ந்துவிடும், ஆனால் சர்வரில் கீழே உள்ள நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றொன்று, ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்ற எச்சரிக்கை. தலைப்பு போகும் முன்பே ஏதோ ஒரு எழுத்து வெளியே போய்விட்டது என்று அதற்குப் பொருள். பிஎச்பி திறப்புக் குறிக்கு முன் ஒரு காலி வரி, இணைத்த கோப்பின் மூடுகுறிக்குப் பின் ஒரு இடைவெளி, அல்லது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி. மூடுகுறியை எழுதாமலே விடுவதும், எடிட்டரில் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுப்பதும் தீர்வு.

இப்போது தொடக்கத்தில் சொன்ன விதிக்கு வருவோம். திருப்பி அனுப்பிய பிறகு போஸ்ட் தரவு கையில் இருக்காது. உறுதிப் பக்கம் டேட்டாபேஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். இது கூடுதல் வேலை போலத் தோன்றினாலும் இதில் பெரிய நன்மை இருக்கிறது. எழுத்துத்தொகுதி தவறாக இருந்தாலும், பெயருக்கான நெடுவரிசை குட்டையாக இருந்து பாதிப் பெயர் வெட்டுப்பட்டாலும் பயனர் அந்த நொடியே பார்த்துவிடுவார். அனுப்பியதையே எதிரொலிக்கும் பக்கத்தில் எல்லாம் அழகாக இருக்கும். உள்ளே பதிவு கெட்டுப்போயிருப்பது முகாம் நாளன்று பட்டியலை அச்சிடும்போதுதான் தெரியவரும்.

6. யாருடைய பதிவு என்று சொல்வது

திருப்பி அனுப்பும்போது எந்தப் பதிவைக் காட்டுவது என்று சொல்லியாக வேண்டும். மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, விவரங்களையே முகவரியில் கோத்து அனுப்புவது. தனியுரிமை போவது ஒரு பக்கம். கையால் கோத்தால் மதிப்புகளே மாறிவிடும். நான் ஒரு முகாமுக்குச் செய்த முதல் படிவத்தில் இதைத்தான் செய்தேன். ‘ஓ+’ என்று அனுப்பியது உறுதிப் பக்கத்தில் ‘ஓ’ என்று மட்டும் வந்தது. முகவரியின் கேள்விப் பகுதியில் + என்பது இடைவெளியாகப் படிக்கப்படும் என்று அன்றைக்குத் தெரியாது. ரத்த வகையில் பாசிட்டிவா நெகட்டிவா என்பது தொலைந்துபோவது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது வழி, பதிவு எண்ணை மட்டும் முகவரியில் வைப்பது. 125 என்று இருக்கும். யாராவது அதை 126 ஆக்கினால் அடுத்தவரின் பெயரும் எண்ணும் திறக்கும். ஒன்றிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் முழுப் பட்டியலும் வெளியே. இதைச் செய்ய ஹேக்கர் தேவையில்லை, ஆர்வமுள்ள பள்ளிப் பிள்ளை போதும்.

மூன்றாவது, நான்காம் படியில் செய்த டோக்கனை முகவரியில் வைப்பது. இதையே செய்யுங்கள். பதிவு எண்ணைப் பக்கத்தில் தாராளமாகக் காட்டலாம், தொலைபேசியில் சொல்ல அது வசதி. ஆனால் பக்கத்தைத் திறக்கும் சாவியாக அது இருக்கக் கூடாது.

செஷன் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். பிஎச்பியின் இயல்பான அமைப்பில் செஷன் தரவின் ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். பதிவு செய்தவர் முகாம் அன்று காலையில் அதே இணைப்பைத் திறப்பார். சமூக வலைச் செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் நிரப்பிவிட்டு, பிறகு வேறு பிரவுசரில் பார்ப்பார். அங்கெல்லாம் செஷன் இருக்காது.

ஆனால் செஷனுக்கு வேறொரு நல்ல பயன் உண்டு. பதிவு செய்த அதே செஷனில் பார்த்தால் கைபேசி எண்ணை முழுதாகக் காட்டுங்கள், அவர் சரிபார்க்க வேண்டுமே. பின்னொரு நாள் டோக்கன் இணைப்பு மூலம் மட்டும் திறந்தால் கடைசி 4 இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள். இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகாம் முடிந்த பிறகு டோக்கனைச் செல்லாததாக்கிவிடுங்கள். தவறான டோக்கன் வந்தால் 404 போதும், விளக்கம் வேண்டாம்.

7. பக்கத்தில் காட்டுதல்

திரையில் போகும் ஒவ்வொரு மதிப்பையும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக அனுப்புங்கள். கோணக் குறி போன்றவற்றை வெறும் எழுத்தாகத் தெரியும்படி அது மாற்றும்; இதைத்தான் எஸ்கேப் என்பார்கள். பெயர்க் கட்டத்தில் ஒருவர் நிரல்துண்டு ஒன்றை எழுதி அனுப்பினால், எஸ்கேப் செய்யாத பக்கத்தில் அது ஓடும். தன் பக்கத்தில்தானே ஓடும் என்று நினைக்கலாம். அதே பெயரை ஒருங்கிணைப்பாளரின் பட்டியல் பக்கமும் காட்டும். அங்கே ஓடினால் அவருடைய உள்நுழைவோடு ஓடும். ஆகவே இரண்டு பக்கங்களிலும் செய்ய வேண்டும்.

பிஎச்பி 8.1-க்கு முன் இந்தச் செயற்கூறு ஒற்றை மேற்கோள் குறியைத் தானாக மாற்றாது. பழைய பதிப்பு என்றால் இஎன்டி கோட்ஸ் என்ற குறியைச் சேர்த்துக் கொடுங்கள்.

இதைக் காட்டும்போது செய்ய வேண்டும், சேமிக்கும்போது அல்ல. சேமிக்கும்போதே மாற்றிவிட்டால் ‘தேவி & சன்ஸ்’ என்பது எக்செல் பட்டியலில் விநோதமான குறிகளோடு வரும். உறுதிப் பக்கத்தில் இரண்டாம் முறை மாற்றப்பட்டு அங்கேயும் அசிங்கமாகும்.

பெரிய கட்டத்தில் எழுதியதற்கு வரி உடைப்பு வேண்டும். முதலில் எஸ்கேப், அப்புறம் என்எல்2பிஆர். மாற்றிச் செய்தால் வரி உடைப்புக் குறியே எழுத்தாகத் திரையில் தெரியும்.

காலியாக விட்ட கட்டத்துக்கு ‘தரப்படவில்லை’ என்று எழுதுங்கள். வெற்றிடமாக இருந்தால் தான் எழுதியது தொலைந்துவிட்டதோ என்று பயனர் குழம்புவார்.

தேதிக் கட்டம் எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்றே அனுப்பும். அப்படியே காட்டாதீர்கள், 03-04 என்று சுருக்கவும் வேண்டாம். ‘3 ஏப்ரல் 1994’ என்று மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். பன்னிரண்டு மாதப் பெயர்களை ஒரு பட்டியலில் வைத்தால் வேலை முடிந்தது. பதிவான நேரத்தைக் காட்டும்போது நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று அமையுங்கள். சர்வர் உலக நேரத்தில் ஓடினால் அதிகாலை 2 மணிக்குப் பதிவு செய்தவருக்கு முந்தைய நாள் இரவு 8.30 என்று காட்டும்.

பக்கத்தின் மேலே முதல் வரியில் முடிவைச் சொல்லுங்கள்: பதிவாகிவிட்டது, பதிவு எண் இது. பிறகு விவரங்கள், கடைசியில் ‘தவறு இருந்தால் இப்படித் திருத்தலாம்’ என்ற வழி. பலர் இந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத்தான் கொண்டுவருகிறார்கள். முக்கியமானவை ஒரு கைபேசித் திரைக்குள் அடங்கட்டும்.

பிடிஎஃப் கேட்டால் பிரவுசரின் அச்சிடும் வசதியையே ஒரு பொத்தானில் கொடுங்கள். பிஎச்பிக்கான பிடிஎஃப் நூலகங்கள் பலவற்றில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். ‘கொ’ உடைந்துபோகும். பிரவுசர் அதைச் சரியாகச் செய்யும்.

8. கேச்சும் தேடுபொறியும்

ஒருவரின் விவரம் இன்னொருவருக்குத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேச்சை. தளத்தை வேகமாக்கப் போட்ட கேச் நீட்சியோ, பக்க நகல்களைப் பல இடங்களில் வைத்துத் தரும் சிடிஎன்னோ உறுதிப் பக்கத்தை ஒரு முறை சேமித்து, அடுத்தவருக்கு அதையே கொடுக்கும். முகவரியில் உள்ள டோக்கனை அது கணக்கில் எடுக்காதபடி அமைத்திருந்தால் இது நிச்சயம் நடக்கும்.

உறுதிப் பக்கத்தில் கேச்-கன்ட்ரோல் தலைப்புக்கு நோ-ஸ்டோர் கொடுங்கள். கேச் நீட்சியின் விலக்குப் பட்டியலிலும் சேருங்கள். படிவப் பக்கத்தையும் சேருங்கள். நான்காம் படியில் வைத்த மறைவான சாவி அங்கேதான் இருக்கிறது. அது கேச் ஆனால் எல்லோருக்கும் ஒரே சாவி போகும், செஷனோடு பொருந்தாமல் படிவங்கள் வரிசையாகத் திரும்பும்.

தேடுபொறி பட்டியலில் சேர்க்காதபடி நோஇன்டெக்ஸ் கொடுங்கள். வெளித் தளங்களின் பார்வையாளர் கணக்குக் கருவியை இந்த ஒரு பக்கத்தில் போடாமல் விடுங்கள். டோக்கனோடு கூடிய முழு முகவரியும் அதற்குப் போய்விடும்.

9. வெளியிடும் முன் சோதனை

‘டெஸ்ட், டெஸ்ட், 1234’ என்று நிரப்பிப் பார்ப்பது சோதனை ஆகாது. பெயரில் தமிழும் மேற்கோள் குறியும் & குறியும் கலந்து ஒரு முறை. இனிஷியல் மட்டும் உள்ள, குடும்பப் பெயர் இல்லாத பெயர் ஒரு முறை. பெரிய கட்டத்தில் மூன்று வரியும் <b> என்ற குறியும் ஒரு இமோஜியும். எதையும் டிக் செய்யாமல் ஒரு முறை. ரத்த வகையில் ஒவ்வொரு பாசிட்டிவும் நெகட்டிவும்.

பொத்தானை வேகமாக மூன்று முறை தட்டுங்கள், அட்டவணையில் ஒரே வரிசைதான் இருக்க வேண்டும். உறுதிப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யுங்கள், பின்னால் போய் மறுபடி வாருங்கள். இணைப்பை நகலெடுத்து வேறு கைபேசியில் திறந்து, எண் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டோக்கனில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, இரண்டு கைபேசிகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிரப்பி, ஒரே நொடியில் அனுப்பட்டும். கேச் தவறை இந்தச் சோதனையில் எளிதாகப் பிடிக்கலாம். இதைத் தனியாக உட்கார்ந்து செய்ய முடியாது, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.